பிளஸ் ஒன்னுக்கு முன்னால் ஒரு வருடம்

கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதியில் இருப்பவர்களுக்கு ஜெர்மனி புதிதல்ல. ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி நடக்கும். பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான் வரும். பெட்ஷீட், கிச்சன் டவல், மேசைவிரிப்பு சாம்பிள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். இத்தனை வருடம் போய்வந்தும் ஒரு ஜெர்மன்காரர் வீட்டுச் சமையலறையை நான் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பு முடித்த என் மகள் அப்படியொரு சமையலறையில் பத்து மாதம் பாத்திரம் துடைத்து வைத்திருக்கிறாள். அந்தப் பத்து மாதத்தைத்தான் உறவினர்கள் இன்றுவரை ‘வீணாப்போன வருஷம்’ என்கிறார்கள். பள்ளிகளும் அப்படியே கணக்கு வைக்கின்றன. இந்தக் கணக்கு மாற வேண்டும்.

அவள் போனது மாணவர் பரிமாற்றத்தில். அது சுற்றுலா அல்ல. முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பாகத் தொடங்கியதுதான் ஏ.எஃப்.எஸ். என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் தங்கிப் படித்தால் அடுத்த போருக்கு ஆள் குறையும் என்று நம்பி, பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளையை ஏற்கிற குடும்பம் அதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, வீட்டு வேலையிலும் பங்கு கொடுத்து, சொந்தப் பிள்ளைபோல் வைத்துக்கொள்கிறார்கள்.

என் மகளுக்குக் கிடைத்தது வடமேற்கில், ஓல்டன்பர்க் நகரை ஒட்டிய ஒரு சிற்றூர். போன முதல் நாளே வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கு சைக்கிள். மழையென்றாலும் சைக்கிள்தான். எட்டு மணிக்கு முன்னாலேயே முதல் வகுப்பு. டிசம்பரில் அப்போது விடிந்தே இருக்காது. மாலை நாலரைக்கெல்லாம் மறுபடி இருட்டிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்புப் பற்ற வைப்பதில்லை: ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், ஊறுகாய் போட்ட ஏதாவது ஒன்று. சூடாக ஒரு வாய் ரசம் கிடைக்காதா என்று முதல் மாதம் ஏங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். புல் வெட்டும் இயந்திரத்தைக்கூட அன்று ஓட்டக் கூடாது. குப்பையில் காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, காய்கறித் தோல் தனி. காலி பாட்டிலைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டால் 25 சென்ட் வரை திரும்பக் கிடைக்கும். அந்த வீட்டில் பாட்டில் கொண்டுபோவது அவள் பொறுப்பு.

பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே எழுத்துத் தேர்வுக்கு எவ்வளவு மதிப்போ, கிட்டத்தட்ட அவ்வளவு மதிப்பு வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் உண்டு. உயர்வகுப்புகளில் மதிப்பெண் 15 புள்ளிகளுக்கு. கணக்குத் தேர்வில் 14 வாங்கியவளுக்கு அரையாண்டுச் சான்றிதழில் 9 போட்டிருந்தார்கள். ஆசிரியர் கூப்பிட்டு, “உனக்குக் கணக்கு வருகிறது. ஆனால் நீ என்ன நினைக்கிறாய் என்று இந்த வகுப்பில் யாருக்கும் தெரியாதே” என்றாராம். நம் ஊரில் பத்து வருடம் ‘பேசாதே’ என்பதையே ஒழுக்கமாகப் படித்த பிள்ளை என்ன செய்யும்? இரண்டாம் பருவத்தில், முதல் உலகப் போர் பாடம் நடக்கும்போது, தட்டுத்தடுமாறி ஜெர்மன் மொழியில் எழுந்து பேசியிருக்கிறாள். 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்தியதையும், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றுவரை அந்தப் பேரைச் சொல்வதையும் சொன்னாளாம். எம்டன் என்கிற ஊர் அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரம்தான். வகுப்பில் ஒருவருக்கும் அந்தக் கதை தெரியவில்லை. அன்றிலிருந்து அவளைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் பதில் சொல்ல ஆரம்பித்தாள். எந்த டியூஷனில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்?

அங்கே சிற்றூர்களில் தீயணைப்பு வேலையை ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் பார்க்கிறார்கள். சிறுவர் பிரிவும் உண்டு. வாராவாரம் அங்கே போய், நீளமான குழாயைத் தரையில் விரித்து, தண்ணீரை வடித்து, மடிப்பு விழாமல் சுருட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டில் தறிக்கூடத்தின் பக்கம்கூட எட்டிப்பார்க்காத பெண்.

அந்த ஜனவரியில் நான் பிராங்க்பர்ட்டில்தான் இருந்தேன். நாலைந்து மணி நேரம் ரயில் ஏறினால் மகளைப் பார்த்துவிடலாம். வருடத்தின் நடுவில் பெற்றோர் வந்தால் பிள்ளை அந்த வீட்டில் வேர்விடாது, வரவேண்டாம் என்று பரிமாற்ற அமைப்பினர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போகவில்லை. போன்கூட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். “பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் அனுப்பிப்போட்டு எப்படிங் தூங்கறீங்க?” என்று கேட்டவர்களுக்கு என் மனைவி பதில் சொல்லியே களைத்துப்போனாள். தினமும் வீடியோவில் சாப்பாட்டுத் தட்டைக் காட்டச் சொல்லும் பெற்றோர்கள் பிள்ளையை அனுப்பவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உடம்பு அங்கேயும் மனசு இங்கேயுமாக இருந்தால் அந்த வருடம்தான் உண்மையில் வீண்.

திரும்பி வந்த பிறகு பட்டதுதான் பெரிய பாடு. டி.சி. வாங்கிக்கொண்டுதான் போக முடிந்தது. வந்ததும் பிளஸ் ஒன்னுக்குப் புதிதாக விண்ணப்பம், புதிதாகப் பணம். ஒரு பள்ளியில் ‘வயசு கூடிப்போச்சு, கோச்சிங் பேட்ச்சுக்கு ஒத்துவராது’ என்றார்கள். நீட்டுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. ஒரு வயது கூடியதால் எந்தக் கதவு மூடிக்கொள்கிறது என்று நான் கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. ஜெர்மனியில் அதே வயதுப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போகிறார்கள். பள்ளி விடுப்பு கொடுக்கிறது. வந்ததும் அவர்கள் இடம் அப்படியே இருக்கிறது.

2017-18ல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025-26 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டுவிட்டது. பள்ளிகள் பிளஸ் ஒன் வருடத்தையும் பிளஸ் டூ பாடத்துக்கே தின்னக் கொடுப்பதற்குள் பள்ளிக்கல்வித் துறை ஓர் ஆணை போடலாம். முறையான பரிமாற்றத் திட்டத்தில் போகிற மாணவருக்கு டி.சி. கொடுக்காமல், பெயரை வருகைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு ஒரு வருட விடுப்பு. திரும்பியதும் அதே பள்ளி, கேட்ட குரூப், மறு கட்டணம் இல்லை. என்னைப் போன்றவர்கள் எப்படியோ சமாளித்துவிடுவோம். செலவு செய்ய வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் அரசு வேண்டும். போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் துறை துபாய்க்கும் ஜப்பானுக்கும் சில நாள் அழைத்துப்போயிருக்கிறது. அதே பிள்ளைகளில் சிலரையாவது, ஒரு முழு வருடம், ஒரு வீட்டில் தங்கிப் படிக்க அரசு செலவில் அனுப்பட்டும்.