பெயர்த்து நட முடியாத நிழல்

ஹைதராபாத்துக்கு மேற்கே செல்லும் சேவெள்ளாச் சாலையின் ஆலமரங்களைக் குறித்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் நெடுங்காலம் நடந்து, திட்டம் திருத்தப்பட்டு, தடையும் விலகிவிட்ட நிலையில், சாலையை நான்கு வழியாக்கும் முடிவை எல்லாத் தரப்புக்கும் நியாயம் செய்யும் நடுவழியாகக் காட்ட முயல்வது ஏற்கத்தக்கதன்று. பெரும்பாலான மரங்கள் நின்ற இடத்திலேயே விடப்படும், எஞ்சியவை வேரோடு பெயர்க்கப்பட்டு வேறிடத்தில் நடப்படும் என்ற ஏற்பாடு முதலில் தீட்டப்பட்ட திட்டத்தைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் அது மரங்களின் எண்ணிக்கையைக் காப்பாற்றிவிட்டு, அந்த மரங்கள் எதற்காக அங்கே நடப்பட்டனவோ அந்தப் பயனைக் கைவிடுகிறது.

அம்மரங்களின் நிழல் காத்துவந்தது ஓர் அமைதியான மிதிவண்டித் தடத்தை. அத்தகைய தடம் என்பது வேலியிட்டுத் தனியே கட்டப்படும் பாதையைக் குறிப்பதன்று. கனரக வண்டிகளின் விரைவு குறைந்து, நிழலும் ஊர்களும் தேநீர்க்கடைகளும் உரிய இடைவெளியில் அமைந்து, பயிற்சி பெறாதவரும் அச்சமின்றிச் செல்லத்தக்கதாக இருக்கும் பொதுச்சாலையே அது. 1998இல் சைபர் டவர்ஸ் என்ற தகவல் தொழில்நுட்பக் கட்டடம் திறக்கப்பட்ட பின் ஊர்த்தன்மையை முற்றிலும் இழந்துவிட்ட ஹைதராபாத்தின் மாதாப்பூருக்கு அத்தகைய சாலை மேற்கேதான் எஞ்சியிருந்தது. கண்டிபேட்டை ஏரியைக் கடந்து மொய்னாபாத், சேவெள்ளா, மன்னெகூடா வழியாக விகாராபாத்தை அடைந்து, மூசி ஆறு பிறக்கும் அனந்தகிரிக் காட்டில் முடியும் அத்தடம், விடுமுறை நாள்களின் விடியலில் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து வெளியேறும் சைக்கிளோட்டிகளுக்கு மட்டுமன்றி, வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் நாள்தோறும் மிதித்துச் செல்லும் சாலையோர ஊராருக்கும் உரியது. முந்தைய ஆந்திரப் பிரதேசக் காவல் அகாதமியின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தால் 'அப்பா சந்திப்பு' என வழங்கும் இடத்திலிருந்து மன்னெகூடா வரையுள்ள 46 கிலோமீட்டரும் தேசிய நெடுஞ்சாலை 163இன் பகுதி; அதன் இருமருங்கிலும் ஏறத்தாழ 900 ஆலமரங்கள் நிற்கின்றன. நெடுஞ்சாலை எப்படி அமைதித் தடமாகும் என்று கேட்பவர்கள், அதனின்று இருபுறமும் பிரியும் ஊர்ச்சாலைகளைக் கருத வேண்டும். நடுத்தண்டில் பாதுகாப்பாகச் செல்ல முடியாதபோது கிளைகள் எவ்வளவு அமைதியாக இருந்தும் அவற்றை எட்ட வழியிராது.

பெயர்த்து நடுதல் என்ற சொல் இவ்விவாதத்தில் செய்துள்ள தீங்கு பெரிது. முதிர்ந்த ஆலமரத்தைப் பெயர்ப்பதற்கு முன் அதன் கிளைகள் பெரும்பாலும் தறிக்கப்படுகின்றன; தரைக்குள் பரவிய வேர்களுள் அடிமரத்தை ஒட்டிய ஒரு மண்கட்டிக்குள் அடங்குபவை தவிர மற்றவை அறுக்கப்படுகின்றன; தூணாகி நிலத்தில் ஊன்றிய விழுதுகளும் வெட்டப்படுகின்றன. பின்னர் எஞ்சும் கட்டையைப் பாரந்தூக்கியில் ஏற்றிக் கொண்டுபோய்க் குழியில் நிறுத்துகிறார்கள். அக்கட்டை சில மாதங்களில் தளிர்க்கக்கூடும், ஏனெனில் ஆல் எளிதில் சாவதில்லை. கிளையைப் போத்தாக, அதாவது நேரே மண்ணில் ஊன்றி வேர்விடச் செய்யும் தடித்த துண்டாக வெட்டி நட்டாலே பிழைத்துக்கொள்ளும் இனம் அது என்பதைச் சிற்றூர்களில் யாவரும் அறிவர். ஆகவே தளிர்த்த கட்டையைக் காட்டி மரம் காப்பாற்றப்பட்டது என்று கணக்கு எழுதுவது, ஆலின் இயல்பான உயிர்ப்பிடிப்பைத் திட்டத்தின் வெற்றியாக எழுதிக்கொள்வதாகும். அந்த மரம் விரித்திருந்த குடையோ, மீண்டும் வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் கேட்கும். கோடையில் அவ்வழியே மிதித்துச் செல்பவருக்குத் தேவைப்படுவது மரத்தின் உயிர் மட்டுமன்று, சாலையின் மேல் விழும் அதன் நிழல். அந்த நிழலை எந்தப் பாரந்தூக்கியாலும் தூக்கிச் செல்ல இயலாது.

நிழலோடு இழப்பு முடிவதுமில்லை. ஆலின் பழத்துக்குள் மறைந்திருக்கும் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வது அவ்வினத்துக்கே உரிய சிறு குளவி; வளர்ந்து வெளிவந்த பின் அது வாழ்வது ஓரிரு நாள்களே என்பதால், ஒரு மரம் காய்த்து ஓயும்போது மற்றொன்று பூத்திருந்தால்தான் அதன் மரபு தொடரும். ஆண்டின் எல்லாப் பருவத்திலும் ஏதேனும் ஒரு மரம் பழுத்திருப்பதற்கும், குக்குறுவானும் பச்சைப்புறாவும் பழவௌவாலும் அச்சாலையை விட்டகலாதிருப்பதற்கும் மரங்களின் கூட்டமே காரணம். அந்தக் கூட்டத்திலிருந்து சிலவற்றைப் பிரித்தெடுத்து ஆங்காங்கே கட்டைகளாக நிறுத்துவதை, எண்ணிக்கை குறையவில்லை என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது.

நின்ற இடத்திலேயே விடப்படும் மரங்களின் நிலையும் ஆறுதல் தருவதன்று. மரங்களை நடுத்திட்டில் விட்டு அவற்றின் பக்கமாகப் புதிய வழி அமைக்கும் இடங்களில், நிழல் உட்புறத்தே விரையும் கார்களின் மேல் விழ, மிதிவண்டி மட்டும் மரமற்ற வெளி விளிம்புக்குத் தள்ளப்படும். சமநிலத்தில் நான்கு வழிச் சாலை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கருதி வடிவமைக்கப்படுவது; அத்தகைய சாலையில் டிப்பர் லாரி விரைந்து கடந்து செல்லும்போது எழும் காற்றே மிதிவண்டியைத் தடுமாறச் செய்யப் போதும். மிதிவண்டித் தடங்களின் அமைப்புக்கென்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த நெறிமுறை 1962இலேயே வெளிவந்து, 2015இல் திருத்தவும் பட்டது. அப்படியிருந்தும் இந்த 46 கிலோமீட்டரைப் பற்றி நடந்த நெடிய விவாதத்தில் மரமும் காரும் பேசப்பட்ட அளவில் நூற்றில் ஒரு பங்குகூட மிதிவண்டி பேசப்படவில்லை. பழைய மரபோ வேறு. அசோகரின் ஏழாம் தூண் கல்வெட்டு, அவர் சாலையோரம் ஆல் நடச் செய்ததைக் குறிக்கிறது. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளைத் தென்பாண்டி நாட்டார் இன்றும் நினைப்பது சாலையாலும் அதன் மரங்களாலும்தான். நடந்து செல்பவரை முன்னிறுத்திச் சாலை அமைத்த மரபு அது.

2025 நவம்பர் 3 அன்று சேவெள்ளாவுக்கு அருகே மீர்ஜாகூடாவில் கிராவல் ஏற்றிய டிப்பரும் அரசுப் பேருந்தும் மோதி 19 பேர் இறந்த கொடுமைக்குப் பின், மரங்களுக்காக வாதாடியவர்களே அச்சாவுகளுக்குப் பொறுப்பு என்ற பேச்சு பரவியது. துயரத்தில் எழுந்த அப்பேச்சைப் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் திட்டத்துக்கான வாதமாக மாற்றுவதைப் பொறுக்க இயலாது. சாலை பாதுகாப்பாக வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் கல்லும் மண்ணும் ஏற்றிய லாரிகளைக் கட்டுப்படுத்துவதற்கும், குழிகளை மூடுவதற்கும், வளைவுகளில் தடுப்பு அமைப்பதற்கும் எந்த மரமும் எக்காலத்திலும் குறுக்கே நின்றதில்லை.

இவ்வளவும் சூழல் அனுமதிக்கான முழு ஆய்விலேயே முதலில் வெளிப்பட்டிருக்க வேண்டியவை. ஆனால் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2013ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இருக்கும் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணி 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டால்தான் முன் அனுமதி தேவை. 46 கிலோமீட்டர் அவ்வரம்பை எட்டுவதில்லை. நூறாண்டு மரங்களின் வரிசையைக் கிலோமீட்டர் கணக்கில் அளந்து விதிவிலக்கு அளிக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு, வழக்குத் தொடுத்தவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சாடுவது நேர்மையாகாது.

இந்நகரின் நிலத்தை வரைபடத்தின் மேல் தீர்மானிப்பவர்கள் தவறுவது இது முதன்முறையுமன்று. உஸ்மான் சாகர் (கண்டிபேட்டை), ஹிமாயத் சாகர் ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தில் 84 ஊர்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்திய 1996ஆம் ஆண்டின் 111ஆம் எண் அரசாணையே மேற்குப் புறத்தை இத்தனை காலம் ஊராக வைத்திருந்தது. 2022இல் அதன் கட்டுப்பாடுகளை நீக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில், வெளிவட்டச் சாலையின் பக்கத்தில் சூரியத் தகடுகளைக் கூரையாக வேய்ந்த 23 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை பெருவிழாவுடன் திறக்கப்பட்டது. ஏரிக்கரையின் இயற்கையான நிழல்வழிகளைக் கட்டடங்களுக்குத் திறந்துவிட்டு, எட்டு வழி விரைவுச்சாலையின் இரைச்சலுக்குள் இரும்புத் தூண்களில் நிழல் கட்டித் தருவதுதான் மிதிவண்டி ஓட்டுவோருக்கான கொடை என்று அவர்கள் கருதினர். 2024இல் விகாராபாத்துக்கு அருகே, சைக்கிளோட்டிகள் நெடுங்காலம் சென்றுவந்த தாமகுண்டம் காப்புக்காட்டில், நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்கான மிகத் தாழ் அதிர்வெண் வானொலி நிலையத்துக்கென ஏறத்தாழ 2,900 ஏக்கர் ஒப்படைக்கப்பட்டு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. அதற்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடப்படும் என்ற அதே வாக்குறுதி அப்போதும் தரப்பட்டது. 2025 மார்ச் இறுதியில், மாதாப்பூருக்கு மிக அருகேயுள்ள காஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் விடுமுறை நாள்களில் மரங்களை வீழ்த்தும் இயந்திரங்கள் இறங்கின. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தலையிடும் முன்பே ஏறத்தாழ 100 ஏக்கர் மொட்டையாக்கப்பட்டது. மக்கள் கேட்கும் முன் வெட்டுவது, கேட்டபின் பெயர்த்து நடுவதாகச் சொல்வது, நீதிமன்றம் கண்டித்தால் மரக்கன்று எண்ணிக்கையைக் காட்டுவது என்ற இப்பழக்கத்தை இனியும் நிர்வாகத் திறன் என்று எவரும் அழைக்கக் கூடாது.

இதே மாநிலத்தில் மகபூப்நகரின் பில்லலமர்ரி ஆலமரத்தைக் கரையான் அரித்தபோது, 2018இல் மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றுவது போல மருந்துக்குப்பிகளைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தி அதைக் காத்தார்கள். நாடே அதைப் பாராட்டியது. ஒற்றை மரத்துக்கு அவ்வளவு பரிவு காட்டத் தெரிந்த ஓர் அரசுக்கு, சாலைவரிசை முழுவதையும் ஓர் உயிராகப் பார்க்க முடியாது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஊர்ப்புறச் சாலைகளை அமைதிச்சாலையாக அறிவிக்கும் அதிகாரத்தை 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் உள்ளூர் ஆட்சிகளுக்கு அளித்தது; அதைப் போன்றதொரு வழியை இங்கும் காண முடியும். விரையும் வண்டிகளுக்கு வேறொரு தடத்தைத் தேடுவதா, பழைய சாலையை ஊராருக்கும் மிதிப்போருக்கும் விட்டுவிடுவதா என்பதைப் பொறியாளர்களும் அவ்வூர்களின் மக்களும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்யட்டும். அதுவரை ஒரு மரத்தின் அடியிலும் குழி தோண்டப்படக் கூடாது.