இரண்டு மார்க் வெள்ளம்

பத்தாம் வகுப்பில் 'வெள்ளம் என்றால் என்ன?' என்ற இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடமாக எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணி. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டே அம்மா கேட்டாங்க: "நீதான் படிக்கிறியே, தண்ணி ஏன்டா இங்கேயே வருது?" முழித்தேன். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவனே நான்தான், வேறு யாரைக் கேட்பது?

இங்கே சர்வே வகுப்பில் லெவலிங் எடுத்தபோதுதான் மேடு பள்ளம் புரிந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தி.நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து உண்டான ஊர். எங்கள் பக்கத்து மழைநீருக்கும் அடையாறுதான் போக்கிடம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். ஆறே நிரம்பி ஓடினால் கால்வாய்த் தண்ணி எங்கே போகும்? தெருவுக்குத்தான்.

அதே ஏரி 2019 கோடையில் வறண்டது. லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றோம். வெள்ளமும் குடிநீரும் ஒரே ஏரி; பள்ளியில் மட்டும் தனித்தனிப் பாடம்!

பரீட்சையே வேண்டாம் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். மார்க் இல்லாவிட்டால் எனக்கு இங்கே ஏது சீட்டு? கேள்வியை மாற்றுங்கள் என்கிறேன். 'உன் தெருவில் விழும் மழை எந்த வழியாக எங்கே போகிறது? படம் வரைக.' ஐந்து மார்க்.

போன மாதம் தரையில் சாக்பீஸால் அம்மாவுக்கு வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்போ அரிசி டின்னை இப்பவே மேல ஏத்திடு" என்றாங்க.