தோள் தளரும் கடைசிப் பத்து நிமிடங்கள்: இந்திய ஹேண்ட்பால் எண்ணிப் பார்க்காத சுமை

புது டெல்லி: ஹேண்ட்பால் ஆட்டம் 60 நிமிடங்கள் நீடிப்பது. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் ஓடி, எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுடன் மோதி, எகிறிக் குதித்துப் பந்தை எறியும் வீரரின் தோள்பட்டை கடைசிப் பத்து நிமிடங்களில் புதிதாக இருப்பதில்லை. இதைப் பயிற்சியாளர்கள் அனைவரும் அறிவர். ஆனால் தோள்பட்டைச் சோர்வு ஒரே ஆட்டத்துக்குள் தோன்றி மறைவதன்று; வாரக்கணக்கில் சேர்வது. குறுகிய நாட்களில் பல ஆட்டங்களை அடுக்கும் இந்தியப் போட்டி முறை, அந்தச் சுமையைத் திடீரென ஏற்றிவிடும் வகையில் அமைந்துள்ளது.

ஆடவர் ஹேண்ட்பால் பந்தின் எடை 425 முதல் 475 கிராம். கிரிக்கெட் பந்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மகளிர் பந்து 325 முதல் 375 கிராம். முன்னணி ஆடவர் வீரர்கள் இந்தப் பந்தை மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் எறிகின்றனர். அந்த வேகம் கையில் மட்டும் பிறப்பதில்லை. இடுப்பு முதலில் திரும்புகிறது, அதைத் தொடர்ந்து உடற்பகுதி, பின்னர் தோள், முழங்கை, மணிக்கட்டு எனச் சாட்டையின் வீச்சு போல ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விசை கடத்தப்படுகிறது. கால்களும் இடுப்பும் களைத்துப்போனால் குறையும் விசையை ஈடுகட்ட வேண்டிய கடமை தோளுக்கு வந்து சேர்கிறது.

தோளில் இரு வகைத் தசைகளின் இழுபறி நடக்கிறது. மார்புத் தசையும் முதுகின் அகன்ற தசையும் கையை உட்புறமாகச் சுழற்றி வேகம் தருகின்றன. பந்து கையை விட்டு அகன்றதும் அந்தச் சுழற்சியை நிறுத்த வேண்டியவை, தோள் மூட்டின் பின்புறமுள்ள சிறிய தசைகள். ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளில் அடங்கிய இவற்றை வண்டியின் பிரேக் எனலாம். எஞ்சின் பெரியது, பிரேக் சிறியது. எறிந்து எறிந்து எஞ்சின் மேலும் வலுப்பெறுகிறது. பிரேக்கைத் தனியாகப் பயிற்றுவித்தாலன்றி அது பின்தங்கிவிடுகிறது.

தோள் தசைகள் களைத்தால் வலிமை மட்டும் குறைவதில்லை. கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலே அறியும் உணர்வும் மங்குகிறது. தோள்பட்டை எலும்பின் அசைவும் மாறுகிறது. 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட கோலில், கோல்கீப்பர் விட்டுவைக்கும் மூலையைக் குறிவைப்பவருக்கு இது சிறிய இழப்பன்று. களைத்த வீரரிடம் 'வேகத்தைக் குறைத்துக் குறி பார்' என்று சொல்வதும் உதவும் என்பதற்கில்லை. அனுபவமுள்ள ஹேண்ட்பால் வீரர்களைக் கொண்டு நார்வேயில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வில், துல்லியத்தில் கவனம் செலுத்தச் சொன்னபோது வேகம் குறைந்தது, துல்லியம் கூடவில்லை.

நார்வேயும் டென்மார்க்கும் எண்ணியவை

இந்த விளையாட்டில் தோளின் நிலையை முறையாகக் கணக்கெடுத்த நாடுகளில் நார்வே முக்கியமானது. உயர்மட்ட லீக்கின் 206 ஆடவர் வீரர்களை ஒரு பருவம் முழுவதும் பின்தொடர்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், சராசரியாக எந்த வாரத்திலும் 28 சதவீதத்தினர் தோள்பட்டைப் பிரச்சினையுடன் இருந்தது தெரியவந்தது. அவர்களில் பலர் ஆட்டத்தைத் தவறவிடவில்லை. வலியோடு விளையாடினர். ஆட்டத்தைத் தவறவிட்டால்தான் காயம் என்று கணக்கிடும் பழைய முறையில் இவர்கள் பதிவாகவே மாட்டார்கள்.

வெளிச்சுழற்சித் தசைகளின் பலவீனம் ஆபத்துக் காரணி என்று அந்த ஆய்வு கூறியது. ஆனால் 329 வீரர், வீராங்கனையரிடம் நடத்தி 2018-இல் வெளியிடப்பட்ட மற்றொரு நார்வே ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. பருவத் தொடக்கத்தில் ஒருமுறை தோள் வலிமையை அளந்து, யாருக்குக் காயம் வரும் என்று ஆரூடம் சொல்ல இயலாது என்பதே இதன் பொருள்.

விடையின் ஒரு பகுதி டென்மார்க்கிலிருந்து வந்தது. 14 முதல் 18 வயது வரையிலான 679 வீரர்களை 31 வாரங்கள் கவனித்த ஆய்வு 2017-இல் வெளியானது. முந்தைய நான்கு வாரச் சராசரியைவிட ஒரு வாரத்தின் ஹேண்ட்பால் நேரம் 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால், தோள்பட்டைக் காய விகிதம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. வெளிச்சுழற்சித் தசைகள் பலவீனமாக இருந்தவர்களுக்கு 20 முதல் 60 சதவீத உயர்வே ஆபத்தானதாக இருந்தது. பலவீனம் தனித்துச் செய்யாததை, பலவீனமும் திடீர்ச் சுமையும் சேர்ந்து செய்கின்றன.

18 நாட்கள், 33 ஆட்டங்கள்

இந்த அளவுகோலை இந்தியாவுக்குப் பொருத்திப் பார்த்தால் கவலை எழுகிறது. 2023 ஜூன் 8 முதல் 25 வரை ஜெய்ப்பூரில் நடந்த முதலாவது பிரீமியர் ஹேண்ட்பால் லீக்கில், 6 அணிகள் 18 நாட்களில் 33 ஆட்டங்களை ஆடி முடித்தன. மகாராஷ்டிரா அயர்ன்மென் அணி கோப்பையை வென்றது. ஜெர்மனியின் பண்டெஸ்லிகாவில் 18 அணிகள் தலா 34 ஆட்டங்களை ஆடுகின்றன என்றாலும், அவை கோடை இறுதியிலிருந்து அடுத்த ஆண்டு ஜூன் வரை பரவிக் கிடக்கின்றன. மொத்த எண்ணிக்கையில் ஜெர்மன் வீரரின் சுமையே அதிகம். ஆனால் அது படிப்படியாக ஏறுகிறது; தோளுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

வாரம் 6 மணி நேரம் பயிற்சி செய்துவந்த ஒருவர் முகாமில் சேர்ந்ததும் 12 மணி நேரம் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 100 சதவீத உயர்வு. முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே டென்மார்க் ஆய்வின் எல்லையை அவர் தாண்டிவிடுகிறார்.

கிரிக்கெட்டில் இந்தக் கணக்கு வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. 2025 இங்கிலாந்து சுற்றுப்பயணத்தின் ஐந்து டெஸ்ட்களில் ஜஸ்பிரித் பும்ரா மூன்றில் மட்டுமே ஆடுவார் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. அதன் நன்மை தீமை குறித்து நாடே விவாதித்தது. ஹேண்ட்பால் வீராங்கனை ஒருவர் பயிற்சியில் எத்தனை முறை எறிகிறார் என்ற பேச்சு பொதுவெளியில் எழுவதே அரிது.

திறமை இல்லாததால் அல்ல. 2022 மார்ச்சில் கஜகஸ்தானின் அல்மாட்டியில் நடந்த ஆசிய ஜூனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பை இந்தியா வென்றது. இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்திலுள்ள மோர்சிங்கி கிராமத்துப் பயிற்சி மையம் தேசிய அணிக்குத் தொடர்ந்து வீராங்கனைகளைத் தந்திருக்கிறது. அத்தகைய குடும்பங்களில் ஹேண்ட்பால் என்பது பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலைக்கான வழியும் ஆகும். தேர்வு முகாமில் தோள் வலிக்கிறது என்று சொன்னால் இடம் போய்விடுமோ என்ற அச்சம் 18 வயதுப் பெண்ணுக்கு எழுவது இயல்பே. வலியை மறைப்பதை ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது நியாயமன்று.

தடுப்பு முறை விலை உயர்ந்ததும் அன்று. 45 அணிகளைச் சேர்ந்த 660 வீரர், வீராங்கனையரிடம் நார்வேயில் சோதிக்கப்பட்ட திட்டம், வாரம் மூன்று முறை, வார்ம்-அப் நேரத்தில் சுமார் 10 நிமிடங்கள் செய்யப்படுவது. வெளிச்சுழற்சி வலிமை, உட்சுழற்சி நெகிழ்வு, தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகள், இடுப்பிலிருந்து தோளுக்கு விசை கடத்தும் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். அதைச் செய்த அணிகளில் தோள்பட்டைப் பிரச்சினைக்கான வாய்ப்பு 28 சதவீதம் குறைந்ததாக 2017-இல் அறிவிக்கப்பட்டது. எலாஸ்டிக் பட்டையும் பந்தும் மாவட்ட மைதானங்களுக்கு எட்டாதவை அல்ல.

சுமையைப் பதிவு செய்வதுதான் கடினமான பகுதி. இந்திய வீரர் ஒருவர் ஒரே ஆண்டில் ரயில்வே அல்லது சர்வீசஸ் போன்ற துறை அணி, பல்கலைக்கழக அணி அல்லது மாநில அணி, தேசிய முகாம் எனப் பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார். கடந்த நான்கு வாரங்களில் அவர் எவ்வளவு நேரம் எறிந்தார் என்பதை அறியாமல் ஐந்தாவது வாரத்தின் அட்டவணையை எழுத முடியாது. அந்தக் கணக்கு ஏதோ ஒரு பயிற்சியாளரின் குறிப்பேட்டில் இருக்கலாம். வீரர் முகாம் மாறும்போது அந்தக் குறிப்பேடும் அவருடன் செல்ல வேண்டும் என்ற விதியை, பயிற்சி முகாம் அழைப்புக் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.