பத்து ரூபாயும் பனியன் தொழிலாளியும்



பனியன் நகராம் திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பீஸ் ரேட்டில் காசு குறைந்தால் கொதித்தெழுகிறான் தொழிலாளி. பஞ்சப்படி கேட்டு 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய வர்க்கமன்றோ அது! பட்டினி கிடந்தான், பணிந்தானில்லை.

அதே தொழிலாளி, சனிக்கிழமை இரவு, டாஸ்மாக் கடையின் கம்பிக்கு முன்னே நிற்கிறான். பாட்டிலின் மேல் ஒரு விலை அச்சாகியிருக்கிறது. உள்ளிருந்து வரும் குரல் வேறு விலை சொல்லுகிறது. பத்து ரூபாய் கூடுதல்! ஏனென்று கேட்டானா? இல்லை. ரசீது கொடு என்றானா? இல்லை. கேட்ட சரக்கு கிடைத்ததா? அதுவும் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நகர்ந்தான்.

முதலாளியிடம் நிமிர்ந்தவன் மதுக்கடையில் குனிவானேன்?

காரணம் இரண்டு. ஒன்று, போக வேறு கடை இல்லை. 1983-இல் மொத்த விற்பனைக்காகப் பிறந்த டாஸ்மாக், 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையையும் முழுதாகத் தன் கைக்குள் கொண்டுவந்தது. விற்பவன் ஒருவனே என்றால் வாங்குகிறவன் வாய் திறப்பது எப்படி? மற்றொன்று, வெட்கம். அரிசிக் கடையில் எடை குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவன், மதுக்கடையில் ஏமாந்ததை மனைவியிடமும் சொல்ல மாட்டான். அந்த வெட்கமே அங்கே மூலதனம்!

பத்து ரூபாயிலும் இரண்டு வகை உண்டு. காலிப் பாட்டில் காட்டிலும் வயலிலும் உடைந்து கிடப்பதைத் தடுக்க, உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால் 2022-இல் நீலகிரியில் தொடங்கிய திட்டத்தில் வாங்குவது ஒரு பத்து. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பி வரும். மற்றொரு பத்து இருக்கிறதே, அது போனால் போனதுதான்! அச்சிட்ட விலைக்குமேல் விற்பது சட்டப்படி குற்றம். நாளுக்கு ஒரு குவார்ட்டர் வாங்குகிறவன் ஆண்டுக்கு இழப்பது 3,650 ரூபாய். பிள்ளையின் பள்ளிச் செலவு அது! 2025 மார்ச்சில் சோதனை நடத்திய மத்திய அமலாக்கத் துறையும் பத்து முதல் முப்பது ரூபாய் வரை கூடுதலாக வாங்கப்பட்டதாகக் கூறிற்று. அந்த விசாரணைக்கு மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கின் வலிவு வேறு. வாங்குகிறவன் வயிற்றெரிச்சல் வேறு.

கம்பிக்கு அப்பால் நிற்பவனும் நம்மவனே. 2003 முதல் தொகுப்பூதியத்தில் உழைப்பவர்கள் அந்த ஊழியர்கள். உடைந்த பாட்டிலுக்கும் இறக்குகூலிக்கும் யார் கொடுப்பார் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி! ஆனால் விடை தொழிலாளியின் சட்டைப்பையில் இருக்கலாமா? 2024-25-இல் மதுவால் கருவூலத்துக்கு வந்தது 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதிலே ஊழியனுக்கு நிரந்தர ஊதியம் தர இடமில்லையா?

கடையை மூடினால் தீர்ந்தது என்பார் சிலர். 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடி தளர்ந்த கதையை நாடறியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததையும் நாடறியும். பூட்டு மட்டும் போதாது என்பது உண்மை. அதனால் ஊர் வேண்டாமென்னும் இடத்தில் கடை திறக்க உரிமை வந்துவிடுமா?

நெடுஞ்சாலைக் கடைகளை உச்ச நீதிமன்றம் அகற்றச் சொன்ன பிறகு, 2017 ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் புதிய கடை வேண்டாமென்று பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். கிடைத்தது என்ன? தடியடி! காவல் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். நாடே படத்தில் பார்த்தது. ஒரு சொட்டும் வாங்காத அவள்தானே அந்தக் கடைக்கு அதிக விலை கொடுத்தவள்!

ஆகவே கேட்போம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ரசீது. கடை வாயிலில் விலைப்பட்டியல். ஊழியனுக்கு நிலையான ஊதியம். ஊர்மன்றம் வேண்டாமென்றால் அங்கே கடையில்லை என்னும் சட்டம்.

தோழனே, அரசைக் கேட்கும் முன் உன்னையும் ஒன்று கேள். நூறு நாளைக்கு மேல் போராடிக் காத்த கூலியை ஒரே இரவில் கம்பிக்குள் நீட்டலாமா? சம்பளக் கவர் பிரியாமல் வீடு சேரும் சனிக்கிழமையே உன் அடுத்த வெற்றி!