வீக்கத்துக்கு மாத்திரை தேடும் மகாஜனங்களே...

கன்ன எலும்பு உடைஞ்சு, கண்ணைச் சுத்தி கத்தரிக்காய் கலர்ல கன்னிப்போய் ஒருத்தர் வந்து உக்காந்தா, நம்ம ஜனங்க கேக்குற முதல் கேள்வி என்ன? "வீக்கம் வடிய என்ன போட்டீங்க?" ஒருத்தராவது "கண்ணு சரியா தெரியுதா?"ன்னு கேட்டு நான் பாத்ததில்ல. என் கடுப்பே இதுதான் மக்களே.

அந்த வீக்கம் தானா வடியுங்க! கண் இமைத் தோல் உடம்புலயே ரொம்ப மெல்லிசு, அடியில தசையும் தளர்வா இருக்கும். அதான் ரத்தமும் நீரும் அங்க வந்து தேங்குது. ரெண்டு மூணு நாள் உச்சத்துல இருக்கும். அப்புறம் நீலம், பச்சை, மஞ்சள்னு கலர் மாறி, பெரும்பாலும் ரெண்டு வாரத்துல அடங்கிடும்.

சீக்கிரம் குறையணுமா? முதல் ரெண்டு நாள் துணியில சுத்துன ஐஸ், ஒரு தடவைக்கு பத்து பதினஞ்சு நிமிஷம், அழுத்தாம. (கன்னம் மரத்துப் போயிருந்தா ஐஸ் தோலைச் சுட்டாலும் தெரியாது, ஜாக்கிரதை.) தலையணையை அடுக்கி தலையை உசத்திப் படுக்கணும். அவ்ளோதான். இதுல யாரும் காசு பாக்க முடியாது, அதனால விளம்பரமும் இல்ல :-)

ஆனா நம்மாளுங்க விடுவாங்களா? முதல் நாளே சுடு ஒத்தடம். சூடு பட்டா ரத்தக்குழாய் விரிஞ்சு வீக்கம் இன்னும் ஏறும். அடுத்தது எண்ணெய் தடவி நீவி விடறது. பாட்டி வைத்தியத்து மேல எனக்கு மரியாதை உண்டு, சளிக்கு மிளகு ரசம் குடிக்கிறவன்தான் நானும். அதுக்காக உடைஞ்ச எலும்பை நீவுறதா? இன்னொரு கொடுமை, மூக்கு சிந்துறது. கன்ன எலும்புக்கு உள்பக்கம் சைனஸ் அறை. அது உடைஞ்சிருக்கும்போது பலமா சிந்துனா காத்து கண்குழிக்குள்ள ஏறி, இமை பூரி மாதிரி உப்பிடும். தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். இதை எத்தனை பேர் சொல்றாங்க?

மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கு வருவோம். செராஷியோபெப்டிடேஸ்னு ஒரு என்சைம், பட்டுப்புழு குடல்ல இருந்த பாக்டீரியாவுல கண்டுபிடிச்சது. ஜப்பான்ல இதை வித்துட்டிருந்த டகேடா கம்பெனி, சோதனையில வெறும் டம்மி மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியலன்னு 2011-லயே சந்தையில இருந்து வாபஸ் வாங்கிடுச்சு. நம்ம ஊர்ல இன்னும் ஜோரா ஓடுது.

அதை விட பயங்கரம், டாக்டர் சொல்லாம ஸ்டீராய்டு வாங்கிப் போடறது. முக ஆபரேஷன்ல டாக்டர்கள் கணக்குப் பாத்து குடுக்கறது வேற கதை. கன்ன எலும்பை உடைக்கிற அடி மூளையைச் சும்மா விட்டிருக்கும்னு என்ன நிச்சயம்? தலைக்காயம் பட்ட பத்தாயிரம் பேரை வெச்சு நடந்த 'கிராஷ்' ஆய்வுல, ஸ்டீராய்டு போட்டவங்கள்ல சாவு அதிகம்னு 2004-ல தெரிஞ்சுபோச்சு.

என் ரூம்மேட் கதையைச் சொல்றேன். சட்டி ஹெல்மெட்டோட வண்டியில இருந்து விழுந்தான். மண்டை தப்பிச்சது, கன்னம் தப்பிக்கல. போன கிளினிக்ல (பேரு வேண்டாம்) ஒரு ஊசி, வீக்க மாத்திரை, "வடிஞ்சதும் சரியாயிடும்". சொன்ன மாதிரியே அழகா வடிஞ்சது. அப்புறம் பாத்தா ஒரு பக்கக் கன்னம் சப்பையா இருக்கு. மேல பாத்தா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. வாய் ரெண்டு விரல் அளவுக்கு மேல திறக்கல. சி.டி. ஸ்கேன் எடுக்கறதுக்குள்ள ஒரு மாசம் ஓடி, எலும்பு தப்பான இடத்துலயே ஒட்டிக்கிச்சு. மறுபடி உடைச்சு, பிளேட் வெச்சு... அவன் பட்ட பாடு இருக்கே.

டாக்டர்களும் வீக்கம் குறையட்டும்னு சில நாள் காத்திருப்பாங்க, நிஜம்தான். ஆனா அதுக்கு முன்னாடியே ஸ்கேன் எடுத்து, பார்வையைச் சோதிச்சிருப்பாங்க. பொதுவா ரெண்டு வாரத்துக்குள்ள எலும்பைத் தூக்கி நிறுத்திடுவாங்க. சும்மா காத்திருக்கறதும் இதுவும் ஒண்ணா?

பார்வையைச் சோதிக்க பெரிய மெஷின் வேண்டாம். இமை முழுசா மூடிக்கறதுக்கு முன்னாடி, நல்ல கண்ணை மூடிட்டு அடிபட்ட கண்ணால பேப்பர் படிக்கச் சொல்லுங்க. பார்வை மங்குனா, கண்ணு வெளிய துருத்திக்கிட்டு கல்லு மாதிரி இறுகி வலிச்சா, ஒரு நிமிஷம் கூட உக்காராதீங்க. கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் தேங்கி அழுத்துனா ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துல பார்வை நிரந்தரமா போயிடலாம். ஸ்கேனுக்குக் கூட காத்திருக்காம கண்ணோரத்தைக் கீறி அழுத்தத்தை விடுவிப்பாங்க. நேரா அடிபடாமலே ரெண்டு கண்ணைச் சுத்தியும் கறுத்தா மண்டையோட்டு அடிப்பகுதி உடைஞ்சிருக்கலாம்.

சின்னப் பசங்க விஷயத்துல நம்ம வீக்க ஜோசியம் சுத்தமா எடுபடாது. கண்குழித் தரை எலும்பு விரிஞ்சு மூடி, தசையைக் கவ்விக்கும். வெளிய வீக்கமே இருக்காது. பையன் வாந்தி எடுப்பான், கண்ணை மேல தூக்க மாட்டான். அஜீரணம்னு ஓமத்தண்ணி குடுத்துட்டு இருக்காதீங்க, அவசரமா ஆபரேஷன் பண்ண வேண்டிய கேஸ் அது.

உயிருக்கும் பார்வைக்கும் ஆபத்து இல்லன்னு ஆனப்புறம், எலும்பைச் சரி பண்ண எங்க போறது? அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு! "கன்னத்துக்கு எதுக்குய்யா பல் டாக்டர்?"னு சிரிக்காதீங்க. முக எலும்பு ஆபரேஷன் பண்றவங்கள்ல நிறைய பேர் பி.டி.எஸ். முடிச்சு மேல படிச்சவங்கதான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். மாத்திரை பேரு கேட்டு மெயில் அனுப்பாதீங்க, பதில் வராது.