உட்கார ஓர் இடம் வேண்டாமா?

செலவு என்று வந்துவிட்டால் நம் வியாபாரப் பெருமக்கள் கணக்குப் பார்க்கும் முறையே தனி. கடை முகப்புக்குப் புதுப் பெயர்ப் பலகை என்றால் யோசிக்க மாட்டோம். வாசலுக்குக் கூடுதல் விளக்கு, சுவருக்குக் கண்ணாடி என்றாலும் கையெழுத்துப் போட்டுக் காசோலை கொடுத்துவிடுவோம். ஆனால் தினம் பத்து மணி நேரம் உட்காரும் கல்லா நாற்காலி மட்டும், வீட்டில் கைப்பிடி உடைந்து ஒதுக்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியாக இருக்கும். அதன்மேல் இரண்டு காலிச் சாக்கை மடித்துப் போட்டால் போதும் என்பது நம் எண்ணம். ஐம்பது வயதைத் தாண்டிய வியாபாரிகள் நான்கு பேர் கூடினால் பருப்பு விலைக்கு அடுத்தபடியாகப் பேசுவது இடுப்பு வலியைப் பற்றித்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதைத்தான் நாம் இங்கே சொல்ல வருகிறோம்.

அந்தக் காலத்து மண்டிகளில் நாற்காலி ஏது? பாய், மெத்தை, திண்டு. கணக்குப்பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்து, மேல்பலகை சாய்வாக அமைந்த கணக்குப்பெட்டியின் மேல் பேரேட்டை வைத்து எழுதுவார். சாய்வுப் பலகை என்பதால் கழுத்து அதிகம் குனியாது. சரக்கு இறங்கும்போது எழுந்து போவார், மூட்டையை எண்ணுவார், திரும்பி வந்து உட்காருவார். உடம்பு ஓரிடத்தில் மரத்துப்போக வழியில்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு வேலையின் ரகமே மாறிவிட்டது. பட்டியல் போடுவது, வரிக் கணக்கு தாக்கல் செய்வது, வங்கிப் பரிவர்த்தனை எல்லாம் கம்ப்யூட்டரில். வேலை மாறியது, மேசை மாறவில்லை. பேனாவால் எழுதுவதற்குச் செய்த மேசையிலேயே கம்ப்யூட்டரை ஏற்றி வைத்திருக்கிறோம்.

அதில் என்ன கோளாறு என்றால், சாதாரண எழுதும் மேசை 30 அங்குல உயரம். ஐந்தேகால் அடி உயரமுள்ள நம் ஊர்க்காரர் ஒருவர் 17 அங்குல உயர நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய முழங்கை மேசை மட்டத்துக்குச் சில அங்குலம் கீழேதான் இருக்கும். விசைப்பலகையை எட்ட நாள் முழுதும் தோளைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். மாலையில் பிடரி கல்லாகிவிடும். தைலம் தடவினால் அன்றைக்குத் தேவலை, மறுநாள் அதே கதை. மேசைக்குக் கீழே இழுப்புத் தட்டு ஒன்று அடித்து விசைப்பலகையை அதில் இறக்குங்கள். அல்லது நாற்காலியை உயர்த்தி, தொங்கும் காலுக்கு ஒரு பலகைக் கட்டை போடுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. தச்சருக்கு அரை நாள் வேலை.

நாற்காலி வாங்கும்போது கடைக்காரர் உங்களை நேரே அழைத்துப் போவது, முதுகு தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் கறுப்பு ரெக்சின் நாற்காலியிடம்தான். முதலாளி நாற்காலி என்று பெயர் சொல்வார். நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது. ஒரு மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். வலைத்துணி முதுகு உள்ளது நல்லது. பழைய அலுவலகங்களில் இருந்த பிரம்பு பின்னிய மர நாற்காலி கிடைத்தால் அதுவும் மிக நல்லது. காற்றோட்டம் தெரிந்தே நம் பெரியவர்கள் அதைப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். இடுப்பின் உட்குழிவில் முதுகுப்பலகை தாங்க வேண்டும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். சுழல் நாற்காலி என்றால் அடியில் ஐந்து கால் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், நான்கு கால் உள்ளது சாய்ந்தால் கவிழும். மளிகைக் கடைக்குச் சக்கரம் வேண்டாம் என்பது நமது கருத்து. சிந்திய துவரையும் உளுந்தும் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் வழவழப்பான டைல்ஸ் தரையில் நாற்காலி தானே ஓடும். ஏறத்தாழ ஒரு மூட்டை துவரம்பருப்பின் விலைக்கு நல்ல நாற்காலி வந்துவிடுகிறது. அந்த மூட்டை ஒரு வாரத்தில் விற்றுப்போகும். நாற்காலி பத்து வருஷம் இருக்கும்.

முதலாளிக்கு இவ்வளவு சொன்ன பிறகு, எதிரே நிற்கிற சிப்பந்தியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையல்ல. காலை எட்டு மணிக்குத் தராசுப் பக்கம் நிற்கத் தொடங்கும் பையன் இரவு கடை கட்டும்வரை நிற்கிறான். வருஷக் கணக்கில் இப்படி நிற்பவர்களுக்குக் கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் வருவதை வைத்தியர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் இதற்காகப் போராடி, 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்து, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று விதித்தார்கள். அப்போது நம்மில் சிலர், "வாடிக்கையாளர் நிற்க, வேலையாள் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்குமா?" என்று குறைப்பட்டார்கள். சட்டத்தை நிதானமாகப் படித்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. வேலையின் நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இடம் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மதியம் இரண்டு மணிக்கு ஈ ஓட்டும் நேரத்தில் அவன் நின்றுகொண்டே இருப்பதால் நமக்கு என்ன வரவு? வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். கிடைத்த ஆள் ஏன் ஆறு மாதத்தில் போய்விடுகிறான் என்று யாரும் கேட்பதில்லை.

இடம் இல்லை என்பார்கள். இருக்கிறது. மேடைக்கு 36 அங்குல உயரம் என்றால் 26 அங்குலத்தில் ஒரு மர ஸ்டூல், கால் வைக்கக் குறுக்குச் சட்டத்தோடு செய்தால் போதும். ஓர் அடிச் சதுரத்தில் அடங்கும். அதில் பாதி உட்கார்ந்தபடியே பொட்டலம் கட்டலாம், ஆள் வந்தால் சட்டென்று இறங்கலாம். இப்போது நடப்பது என்ன? அரிசி மூட்டைமேல் உட்காருகிறார்கள். மனிதர் வாயில் போடும் பண்டத்தின்மேல் உட்காருவதை எந்த வாடிக்கையாளர் விரும்புவார்?

மேல்தட்டு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் ஏறி உச்சித் தட்டிலிருந்து எண்ணெய் டின் இறக்குவது நம் கடைகளில் அன்றாடக் காட்சி. பதினைந்து கிலோ டின் கையில், கீழே வளைகிற நாற்காலி. ஒருவன் விழுந்து எலும்பு முறிந்தால் ஆகும் வைத்தியச் செலவில் பத்து ஏணி ஸ்டூல் வாங்கலாம். கனமான சரக்கை முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் அடுக்குங்கள். உச்சித் தட்டில் அப்பளமும் சேமியாவும் இருக்கட்டும். மூட்டைக் கனத்துக்கும் ஓர் அளவு உண்டு. வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்க 55 கிலோவுக்கு மேல் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள சிப்பத்துக்கு வரி வந்ததும் ஆலைக்காரர்கள் உடனே 26 கிலோ மூட்டை போட்டார்கள். வரிக்காக ஒரு கிலோ கூட்டத் தெரிந்தவர்களிடம், முதுகுக்காக 50 கிலோ மூட்டையை 30 ஆக்கிக் கொடுங்கள் என்று நாமும் கேட்கலாம்.

நமது யோசனை ஒன்று உண்டு. தனித்தனியாக வாங்கினால் விலை கூடும். சங்கத்தில் பெயர் கொடுத்து, உள்ளூர்த் தச்சுப் பட்டறையில் ஸ்டூல்களை மொத்தமாகச் செய்யச் சொல்லலாம். மொத்த விலை பேசுவது நமக்குத் தெரியாத வித்தையா? அடுத்த பொதுக்குழுவில் இதைப் பொருளாக வைக்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பெயர் கொடுக்குமுன் உங்கள் கடை மேடையின் உயரத்தை அளந்து, அங்குலக் கணக்கில் எழுதி எடுத்து வாருங்கள். மாதிரி ஸ்டூல் வரும் நாளில் உங்கள் சிப்பந்திகளில் ஒருவரையும் கூட அனுப்புங்கள். அவர் உட்கார்ந்து பார்த்துச் சொன்ன பிறகு உயரத்தை முடிவு செய்யலாம்.