முதலில் நூலகம், மிச்சத்தில் அலுவலகம்

ஹைதராபாத்தின் வெளிவட்டச் சாலையை ஒட்டியிருந்த 27 நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 2025 டிசம்பரில் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. மணிகொண்டா, நார்சிங்கி, கொம்பள்ளி போன்ற ஊர்கள் 2018இல்தான் நகராட்சி ஆனவை. ஊராட்சி, நகராட்சி, பெருநகரத்தின் ஒரு பகுதி என்று ஏழே ஆண்டுகளில் மூன்று நிலைகளை அவை பார்த்துவிட்டன. எல்லை, வார்டுகளின் எண்ணிக்கை, எந்த மண்டலம் எந்த அதிகாரியின் கீழ் என்பவை குறித்தெல்லாம் விரிவாகப் பேசப்பட்டது. அந்த ஊர்களில் நிற்கும் நகராட்சிக் கட்டடங்களை இனி யாருக்கு, எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. ஆணையர் அறை, பொறியாளர் பிரிவு, வருவாய்ப் பிரிவு, கூட்ட அரங்கு என்று இடம் ஒதுக்கி முடித்த பிறகு, மாடியில் மீந்த ஓர் அறையை நூலகத்துக்குத் தருவதே நம் ஊர்களின் பொதுவான பழக்கம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நூலகத்துக்கு வேண்டிய இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் அலுவலகத்தைப் பொருத்த வேண்டும்.

இதைப் புத்தகப் பற்றினால் எழும் கோரிக்கை என்று தள்ளிவிட முடியாது. முதல் காரணமே கட்டுமானம் சார்ந்தது. கட்டடத் தளங்கள் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதை இந்தியத் தரநிலை 875 வரையறுக்கிறது. கோப்பறை தனியாக உள்ள அலுவலகத்தின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ தாங்கினால் போதும். புத்தக அடுக்குகள் நிற்கும் அறைக்கோ குறைந்தது 600 கிலோ வேண்டும். அடுக்குகளின் உயரம் கூடக்கூட அதுவும் கூடும். நூலகத்துக்காகக் கட்டிய தளத்தில் நாளைக்கே மேசை நாற்காலி போட்டு அலுவலகம் நடத்தலாம். அலுவலகத்துக்காகக் கட்டிய மேல்தளத்தில், தூண்களையும் உத்திரங்களையும் சோதிக்காமல் புத்தக அடுக்குகளை ஏற்றுவது ஆபத்து. இடத்தேவையில் விட்டுக்கொடுக்க முடியாததை முதலில் வைத்து, வளைந்து கொடுப்பதைப் பிறகு வைப்பதுதான் திட்டமிடலின் பாலபாடம். அலுவலகம் வளைந்து கொடுக்கும்; நூலகம் கொடுக்காது.

இரண்டாவது காரணம், இரண்டு தேவைகளும் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன என்பது. தெலங்கானாவில் கட்டட அனுமதியை இணையவழியில் தரும் டிஎஸ்-பிபாஸ் முறை 2020இல் வந்தது. சொத்து வரியைக் கைபேசியிலேயே கட்டலாம். சான்றிதழ்களுக்கு மீசேவா மையங்கள் இருக்கின்றன. நகராட்சி வாசலில் நிற்க வேண்டிய வேலைகள் குறைந்து வருகின்றன. ஹைதராபாத்தின் சிக்கட்பள்ளியில் உள்ள நகர மைய நூலகத்தின் நிலை வேறு. பக்கத்து அசோக் நகரில் தங்கி அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்களால் அது நிரம்பி வழிகிறது. இடம் கிடைக்காதவர்களிடம் மாதக் கட்டணம் வாங்கும் தனியார் படிப்பறைகள் அந்தப் பகுதியில் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டன. அமைதியாக உட்கார ஒரு நாற்காலிக்குக் காசு கொடுக்கிறார்கள் என்றால், அங்கே பொது இடம் போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தேவை இவ்வளவு தெளிவாக இருந்தும் நூலகம் ஏன் கடைசியில் நிற்கிறது? ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 11ஆம் அட்டவணையில் ‘நூலகங்கள்’ என்று தனியே ஓர் இனம் இருக்கிறது. நகராட்சிகளுக்கான 12ஆம் அட்டவணையின் 18 பொருள்களில் அது இல்லை. கல்வி, பண்பாட்டு மேம்பாடு என்ற பொதுவான வரியில் கரைந்துபோகிறது. ஆக, ஊர் நகரமாக வளரும்போது பொறுப்புப் பட்டியலிலிருந்து நூலகத்தின் பெயர் விழுந்துவிடுகிறது. நடைமுறையில் சொத்து வரியோடு 8 சதவீத நூலக வரியை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு. நூலகத்தை நடத்துவது கிரந்தாலய சம்ஸ்தா என்னும் தனி அமைப்பு. வசூலான வரி உரிய நேரத்தில் கைமாறவில்லை, நிலுவை சேர்கிறது என்ற செய்தி ஹைதராபாத் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கட்டடம் ஒருவர் கையில், நூலகம் இன்னொருவர் கையில் என்று இருந்தால், நூலகத்துக்கான இடத்தைக் கேட்டு வாங்க, அறைகளைப் பங்கிடும் கூட்டத்தில் ஆளே இருக்காது.

இதற்கு எழும் மறுப்புகளில் சில வலுவானவை. கைபேசியில் எல்லாம் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்பது அவற்றில் சேராது. சிக்கட்பள்ளியில் அமர்ந்திருப்பவர்கள் எல்லாரிடமும் கைபேசி இருக்கும், இல்லாதது இடம்தான். தேர்வுக்குப் படிக்க வருபவர்கள் நூலகத்தைப் படிப்பறையாக்கிவிடுகிறார்கள், குழந்தைகளும் முதியவர்களும் வரத் தயங்குகிறார்கள் என்ற குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே அறையில் எல்லாரையும் அடைப்பதால் வரும் சிக்கல் அது. தேர்வர்களுக்கு ஒரு கூடம், குழந்தைகளுக்கு ஒரு பகுதி, நாளிதழ் படிக்க வாசலருகே ஓர் இடம் என்று பிரிக்க முடிந்தால் தீரும். அப்சல்கஞ்சில் மாநில மைய நூலகம் இருக்கிறதே என்பார்கள். 1891இல் ஆசபியா நூலகமாகத் தொடங்கி, 1936 முதல் மூசி ஆற்றங்கரையின் மாளிகையில் இயங்கும் அது ஆய்வாளர்களுக்குப் பெருஞ்செல்வம். ஆனால் மேட்சலிலோ கட்கேசரிலோ இருக்கும் பள்ளி மாணவி மாலையில் நடந்து போய் வரக்கூடிய இடம் அல்ல அது. நகரம் விரிய விரிய, மையத்தில் இருக்கும் ஒரே பெரிய நூலகத்தின் பயன் விளிம்பில் இருப்பவர்களுக்குக் குறைந்துகொண்டே போகிறது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு: நல்ல இடத்தை இன்று நூலகத்துக்குக் கொடுத்தாலும் நாளை வேறொரு தேவைக்காக எடுத்துக்கொள்வார்களே? சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே அடுத்த ஆண்டு குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடுத்ததால் நூலகம் பிழைத்தது. நூலகத் தளத்தில் எதையும் வைக்கலாம் என்ற வசதியே நூலகத்துக்குப் பகையாகவும் முடியும். எனவே இட ஒதுக்கீட்டை அதிகாரியின் நல்லெண்ணத்துக்கு விடாமல் எழுத்தில் கட்டிப்போட வேண்டும்: தரைத்தளத்தின் இத்தனை சதுர அடி நூலகத்துக்கே என்ற தீர்மானமும், நூலகத்தை நடத்தும் அமைப்போடு நீண்டகால ஒப்பந்தமும், நூலக வரி வசூலாகும் அன்றே தனிக் கணக்குக்குப் போகும் ஏற்பாடும் வேண்டும். தனி வாசல், தனிக் கழிப்பறை, தனி மின்மீட்டர் இருந்தால்தான் அலுவலகம் பூட்டிய பிறகும், ஞாயிற்றுக்கிழமையும் நூலகம் திறந்திருக்கும்.

ஹைதராபாத்தின் நிர்வாக எல்லைகள் இனி எப்படி மாறினாலும் இந்தக் கட்டடங்கள் அங்கேயே இருக்கும். அவற்றின் தளங்களைப் பொறியாளர்களைக் கொண்டு சோதித்து, நூலகத்துக்கான பகுதியைப் பிரித்துக் காட்டும் வரைபடம் முதலில் வரட்டும். நமக்கும் இதில் பாடம் உண்டு. நூலக வரியாக 10 சதவீதம் வசூலிக்கும் தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி, திருவண்ணாமலை ஆகியவை மாநகராட்சிகளாயின. அங்கே எழப்போகும் புதிய அலுவலகங்களின் வரைபடத்தை மன்றத்தில் வைக்கும்போது உறுப்பினர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மேயர் அறை எங்கே என்பதல்ல. நூலகம் எந்தத் தளத்தில், எத்தனை இருக்கைகளோடு, எத்தனை மணி வரை என்பதுதான்.